கதாநாயகனின் பலத்தைக் கணக்குப் போடுவது எப்படி? முழுமையான வழிகாட்டி

நாயகன் காரைத் தலைக்கு மேல் தூக்குகிறான், ஓடும் ரயிலைக் கையால் நிறுத்துகிறான், ஒரே குத்தில் அடியாளைப் பறக்கவிடுகிறான். இதைப் பார்த்து "இதெல்லாம் நடக்குமா?" என்று சிரித்துவிட்டுப் போகலாம். "சரி, நடந்தது என்றே வைத்துக்கொள்வோம். அப்படியானால் இவனுக்கு எவ்வளவு பலம் இருந்திருக்க வேண்டும்?" என்றும் கேட்கலாம். இரண்டாவது கேள்விதான் எனக்குச் சுவையானது. அதற்குப் பத்தாம் வகுப்பு இயற்பியலும் கைபேசியில் இருக்கும் கால்குலேட்டரும் போதும். கொஞ்சம் பொறுமையும் வேண்டும், ஏனென்றால் வேலையில் பெரும்பகுதி கணக்கில் இல்லை, காட்சியைச் சரியாகப் பார்ப்பதில்தான் இருக்கிறது.

முழுக்கப் பயன்படும் மாதிரியாக 1938ல் வந்த சூப்பர்மேனை எடுத்துக்கொள்கிறேன். ஜெரி சீகலும் ஜோ ஷஸ்டரும் ஆக்‌ஷன் காமிக்ஸ் முதல் இதழில் அறிமுகப்படுத்திய அந்த ஆளுக்குப் பறக்கத் தெரியாது, தாவத்தான் தெரியும். எட்டில் ஒரு மைல் தாவுவான், இருபது மாடிக் கட்டடத்தைத் தாண்டுவான், எக்ஸ்பிரஸ் ரயிலைவிட வேகமாக ஓடுவான் என்று முதல் பக்கத்திலேயே போட்டுவிட்டார்கள். அட்டையில் ஒரு காரைத் தூக்கிப் பாறையில் மோதுகிறான். எண்களோடு வந்த நாயகன் என்பதால் கணக்குப் போடுபவர்களுக்கு இவன் ஒரு வரம்.

முதல் படி: எதை அளக்கப் போகிறோம்?

பலம் என்று பொதுவாகச் சொல்வதற்குள் குறைந்தது நான்கு தனித்தனி அளவுகள் இருக்கின்றன. அசையாமல் தாங்கிப் பிடிப்பதற்கு விசை போதும். ஒரு பொருளை உயர்த்தவோ வேகப்படுத்தவோ ஆற்றல் வேண்டும். அதை எவ்வளவு சீக்கிரம் செய்தான் என்பது திறன். மோதலிலும் குத்திலும் பார்க்க வேண்டியது உந்தம், அதாவது நிறையையும் வேகத்தையும் பெருக்கினால் வருவது. இடிந்து விழும் கூரையைப் பத்து நிமிடம் தாங்குபவனுக்குப் பெரிய விசை இருக்கிறது, ஆனால் கூரை நகராதவரை அவன் கூரைக்குக் கொடுக்கும் ஆற்றல் சுழியம். ஒரு காட்சியில் கிடைத்த விசையை இன்னொரு காட்சியின் ஆற்றலோடு ஒப்பிட்டு "இவன்தான் பெரியவன்" என்று தீர்ப்புச் சொல்வதில்தான் பெரும்பாலான சண்டைகள் தொடங்குகின்றன.

ஒப்பிட மனித எல்லைகள் சிலவற்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். எடி ஹால் 2016ல் தரையிலிருந்து இடுப்பளவுக்குத் தூக்கியது 500 கிலோ, விசையில் சுமார் 4.9 கிலோநியூட்டன். லாஷா தலகாட்ஸே 2021ல் தலைக்கு மேல் தூக்கியது 267 கிலோ. சாதாரண ஆள் நின்ற இடத்திலிருந்து அரை மீட்டர் எம்பினால் நல்ல எம்பல். 1985ல் வெளியான ஓர் ஆய்வில் ஒரு ஹெவிவெயிட் வீரரின் குத்து உச்சத்தில் சுமார் 4.1 கிலோநியூட்டன், கை வேகம் விநாடிக்கு 8.9 மீட்டர். விசையை மனதில் பிடிக்க ஓர் எளிய வழி: 10 கிலோநியூட்டன் என்பது ஏறக்குறைய ஒரு டன் எடை.

இரண்டாம் படி: காட்சியிலிருந்து அளவுகளை எடுப்பது

நிறை, தூரம், நேரம். இந்த மூன்றும் கிடைத்தால் மீதி தானாக வரும். மூன்றிலும் ஆளை ஏமாற்றும் இடங்கள் உண்டு.

நிறையில் முதல் ஏமாற்று, பொருளின் ஒரு பக்கத்தை மட்டும் தூக்குவது. காரின் பின் பம்பரைப் பிடித்துத் தூக்குபவன் முழுக் காரைத் தூக்கவில்லை. முன் சக்கரங்கள் தரையில் இருக்கின்றன, எஞ்சினும் முன்னால்தான், ஆக அவன் கைக்கு வருவது பாதி எடைக்கும் குறைவு. கார் என்றாலே ஒரு டன் என்று போட்டுவிடவும் கூடாது. பழைய மாருதி 800 சுமார் 650 கிலோ, பெரிய எஸ்.யு.வி. வண்டிகள் 2 டன்னைத் தாண்டும்.

பாறை என்றால் விட்டத்தை நாயகனின் உயரத்தோடு ஒப்பிட்டு எடுங்கள். 2 மீட்டர் விட்டமுள்ள உருண்டைக் கருங்கல்லின் பருமன் 4.2 கன மீட்டர். கன மீட்டருக்கு 2.7 டன் என்றால் மொத்தம் 11 டன்னுக்குச் சற்று மேல். விட்டத்தில் பத்து சதவீதம் தவறினால் நிறையில் முப்பத்து மூன்று சதவீதம் தவறும், அதனால் இந்த ஓர் அளவில் மட்டும் கஞ்சத்தனமாக நேரம் செலவிடாதீர்கள். கட்டடத்தைத் திடமான கான்கிரீட் கட்டியாக நினைப்பது இன்னொரு பெரிய பிழை. கட்டடத்துக்குள் பெரும்பகுதி காற்று. கான்கிரீட் சட்டகக் கட்டடத்துக்கு ஒரு மாடிக்குச் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 1 டன் என்பது நல்ல மதிப்பீடு. மாடிக்கு 200 சதுர மீட்டர் வீதம் ஐந்து மாடி என்றால் 1,000 டன்.

நேரம்தான் மிகவும் சிக்கலானது. திரைப்படம் விநாடிக்கு 24 சட்டகம் என்பதால் எண்ணிவிடலாம் என்று தோன்றும். ஆனால் சண்டைக் காட்சியில் பாதிக்கு மேல் ஸ்லோமோஷன். இதற்கு அருமையான ஒரு கடிகாரம் காட்சிக்குள்ளேயே இருக்கிறது: கீழே விழும் பொருள். ஒன்றேகால் மீட்டர் உயரத்திலிருந்து நழுவிய கண்ணாடி டம்ளர் அரை விநாடியில் தரையைத் தொட்டாக வேண்டும். திரையில் அது 3 விநாடி எடுத்தால் காட்சி ஆறு மடங்கு மெதுவாக ஓடுகிறது. அப்படியானால் அதே சட்டகங்களில் நாயகனின் கை போகும் வேகத்தையும் ஆறால் பெருக்குங்கள். பறக்கும் செங்கல், தெறிக்கும் தண்ணீர், காற்றில் எழும்பிய அடியாள் என எது தெளிவாகத் தெரிகிறதோ அதை எடுத்துக்கொள்ளலாம். காமிக்ஸில் இந்த வசதி கிடையாது. ஒரு தாவலுக்கு நடுவில் நாலு வரி வசனம் பேசியிருந்தால் அதை நேரக் கணக்கில் சேர்க்காதீர்கள். வரைந்தவர் அப்படி நினைக்கவே இல்லை.

மூன்றாம் படி: ஒரு தாவலை முழுதாகப் போட்டுப் பார்ப்போம்

எட்டில் ஒரு மைல் என்பது 201 மீட்டர். சிலர் இதை உயரமாக எடுத்துக் கணக்கிடுகிறார்கள். நான் கிடைமட்டத் தூரமாகவே எடுக்கிறேன், ஏனென்றால் உயரத்துக்குத்தான் இருபது மாடி என்று தனியாகச் சொல்லியிருக்கிறார்களே.

காற்றுத் தடையை விட்டுவிட்டால் 45 பாகையில் புறப்படுவதே மிகக் குறைந்த வேகத்தில் அந்தத் தூரத்தைக் கடக்கும் வழி. புறப்படும் வேகத்தின் இருமடி, ஈர்ப்பு முடுக்கத்தையும் தூரத்தையும் பெருக்கினால் வருவது. 9.8 × 201 = 1,970. இதன் வர்க்கமூலம் 44.4. அதாவது விநாடிக்கு 44.4 மீட்டர், மணிக்கு 160 கிலோமீட்டர். நேராக மேலே இருபது மாடி தாண்ட, மாடிக்கு மூன்றேகால் மீட்டர் வைத்தால் 65 மீட்டர், அதற்குத் தேவையான வேகம் விநாடிக்கு 36 மீட்டர். ஆக ஒரே காலால் இரண்டையும் செய்ய முடியும். தாவலின் கிடைமட்ட வேகமோ மணிக்கு 113 கிலோமீட்டர், அதுவும் அந்தக் காலத்து எக்ஸ்பிரஸ் ரயிலுக்குப் பக்கத்தில்தான் வருகிறது. மூன்று வாசகங்களும் ஒன்றுக்கொன்று இவ்வளவு பொருந்துவது தற்செயலாகத்தான் இருக்க வேண்டும், ஆனாலும் பார்க்க மகிழ்ச்சியாக இருக்கிறது.

இனி ஆற்றல். ஆளின் நிறை 90 கிலோ என்று வைப்போம். பாதி × 90 × 1,970 = சுமார் 89 கிலோஜூல். அதே 90 கிலோ ஆள் அரை மீட்டர் எம்ப 0.44 கிலோஜூல் போதும். ஆகவே இருநூறு மடங்கு.

அடுத்தது விசை. முழங்காலை மடக்கிக் காலை நீட்டும் தூரம் ஏறக்குறைய அரை மீட்டர். அந்த அரை மீட்டருக்குள்தான் 89 கிலோஜூலும் உடலுக்குள் போயாக வேண்டும். 89 ÷ 0.5 = 178 கிலோநியூட்டன், 18 டன் எடைக்குச் சமம். அதற்கு எடுக்கும் நேரம் 0.0225 விநாடி. ஆற்றலை நேரத்தால் வகுத்தால் 3.9 மெகாவாட், குதிரைத்திறனில் 5,300. நம் ஊரில் எக்ஸ்பிரஸ் ரயில்களை இழுக்கும் டபிள்யூ.ஏ.பி-7 மின்சார எஞ்சின் 6,000 குதிரைத்திறனுக்குச் சற்று மேல். ஒரு கண் சிமிட்டலைவிடக் குறைந்த நேரத்துக்கு இந்த ஆள் கிட்டத்தட்ட அந்த எஞ்சின்.

இப்போது அட்டைப் படத்துக்கு வாருங்கள். அந்தக் காலத்துக் கார் 1.4 டன் என்றால் தூக்கத் தேவை 14 கிலோநியூட்டன். தாவல் காட்டும் விசையோ அதற்குப் பதின்மூன்று மடங்கு. இதில் முரண்பாடு ஒன்றும் இல்லை. கார் காட்சி "குறைந்தது இவ்வளவு" என்கிறது, அவ்வளவுதான். அவன் முக்கி முனகித் தூக்கினானா, சும்மா தூக்கினானா என்பது அதற்குத் தெரியாது. ஒரு காட்சி தருவது எப்போதும் கீழ் எல்லையைத்தான். மேல் எல்லை வேண்டுமென்றால் அவன் தோற்ற காட்சியைத் தேடுங்கள்: முயன்றும் தூக்க முடியாமல் போனது, கட்டிய சங்கிலியை அறுக்க முடியாமல் போனது. ரசிகர்கள் இவற்றை விரும்பிச் சேர்ப்பதில்லை, ஆனால் கணக்குக்கு இவை தங்கம்.

நான்காம் படி: தரை என்ன சொல்கிறது?

நியூட்டனின் மூன்றாம் விதியை எல்லோரும் படித்திருக்கிறோம், கதையில் மட்டும் மறந்துவிடுகிறோம். 178 கிலோநியூட்டனால் மேலே போகிறவன் அதே விசையால் தரையைக் கீழே மிதிக்கிறான். இரண்டு பாதங்களும் சேர்ந்து 0.04 சதுர மீட்டர் என்றால் அழுத்தம் 4.4 மெகாபாஸ்கல். லாரி டயரின் அழுத்தம் முக்கால் மெகாபாஸ்கல் அளவு. சாதாரண மண் நிலத்தில் அஸ்திவாரம் போடும்போது பொறியாளர்கள் அனுமதிப்பது 0.1 முதல் 0.3 மெகாபாஸ்கல் வரைதான். ஆகவே வயலில் நின்று இந்தத் தாவலைத் தாவினால் உடம்பு மேலே போவதற்கு முன் கால் மண்ணுக்குள் போகும். நல்ல தடிமனான கான்கிரீட் தரை தாங்கும், அதன் அமுக்க வலிமை 20 மெகாபாஸ்கலுக்கு மேல். மொட்டைமாடியில் வேண்டாம், மெல்லிய தளம் பாத அளவுக்குத் துளை விழுந்து உடையும்.

உடம்பையும் இதேபோல் பாருங்கள். தொடை எலும்பின் நடுப்பகுதியில் கெட்டியான எலும்பின் குறுக்குவெட்டு 4 அல்லது 5 சதுர சென்டிமீட்டர். ஒரு காலுக்கு 89 கிலோநியூட்டன் வந்தால் அழுத்தம் 200 மெகாபாஸ்கல். மனித எலும்பு அமுக்கத்தைத் தாங்கும் எல்லை ஏறக்குறைய 170. இது எலும்பு நேராக இருக்கும்போது. மடங்கிய முழங்காலில் தசையின் இழுப்பு நெம்புகோல் போலச் சேர்ந்துகொண்டு மூட்டுக்கு வரும் விசையைப் பல மடங்காக்கும். எனவே தசையை மட்டும் இருநூறு மடங்கு ஆக்கிவிட்டு எலும்பை அப்படியே விட்டால் முதல் தாவலிலேயே கால் போய்விடும். பலம் என்று எழுதிய இடத்தில் உறுதியும் சேர்த்து எழுத வேண்டியிருக்கிறது.

ராட்சத உருவங்களுக்கு இந்தச் சிக்கல் இன்னும் கடுமை. உயரம் பத்து மடங்கானால் எலும்பின் பரப்பு நூறு மடங்கு, எடை ஆயிரம் மடங்கு. கலிலியோ 1638லேயே இதை எழுதிவிட்டார். எறும்பு தன் எடையைப் போலப் பல மடங்கு சுமப்பதும் இதே விதியின் மறுபக்கம்தான். எறும்பை மனித அளவுக்குப் பெரிதாக்கினால் அந்தப் பெருமை காணாமல் போய்விடும்.

ஐந்தாம் படி: ரயிலை நிறுத்துவது

நம் திரைப்படங்களுக்கு மிகவும் பிடித்த காட்சி என்பதால் இதைத் தனியாகப் பார்ப்போம். எஞ்சினும் இருபதுக்கு மேற்பட்ட பெட்டிகளும் சேர்ந்து 1,200 டன், வேகம் மணிக்கு 90 கிலோமீட்டர் என்றால் இயக்க ஆற்றல் 375 மெகாஜூல். 50 மீட்டருக்குள் நிறுத்த 7.5 மெகாநியூட்டன் விசை வேண்டும், அதாவது 765 டன் எடை. நாயகனுக்கு அந்த விசை இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம்.

ஆனால் அவன் எதன்மேல் நின்று தள்ளுகிறான்? 80 கிலோ ஆளுக்கும் தரைக்கும் இடையிலான உராய்வு, நல்ல செருப்பு போட்டிருந்தாலும், சுமார் 630 நியூட்டனைத் தாண்டாது. அதற்கு மேல் தள்ளினால் அவன்தான் பின்னால் வழுக்குவான். எவ்வளவு பலசாலியாக இருந்தாலும் ரயிலுக்குக் கிடைக்கும் எதிர்விசை 630 நியூட்டன் மட்டுமே. அதைக் கொண்டு 375 மெகாஜூலைத் தீர்க்க 595 கிலோமீட்டர் ஆகும். சென்னை எழும்பூரில் கைவைத்தால் மதுரையைத் தாண்டி இன்னும் நூறு கிலோமீட்டர் போய்த்தான் வண்டி நிற்கும். தண்டவாளக் கட்டைகளில் காலை உதைத்துக்கொண்டால் நிலைமை மாறும். அப்போது கணக்கு நாயகனுடையது அல்ல, கட்டைகளுடையது: ஒவ்வொரு கட்டையும் எவ்வளவு தாங்கி உடையும் என்று பார்க்க வேண்டும். காட்சியில் கட்டைகள் வரிசையாகப் பெயர்ந்து போனால் அந்த இயக்குநருக்கு இயற்பியல் தெரிந்திருக்கிறது என்று பொருள்.

இரண்டு உள்ளங்கைகளும் சேர்ந்து 0.03 சதுர மீட்டர் என்றால் அந்த 7.5 மெகாநியூட்டனால் எஞ்சினின் முகப்பில் விழும் அழுத்தம் 250 மெகாபாஸ்கல். சாதாரண எஃகு சரியாக அந்த அளவில்தான் நிரந்தரமாக நெளியத் தொடங்கும். மெல்லிய முகப்புத் தகடு அதைவிடச் சீக்கிரம் உள்ளே போகும். விமானத்தை மூக்கைப் பிடித்துத் தாங்குவது, கப்பலை ஒரு முனையில் தூக்குவது எல்லாம் இதே வகை. நாயகன் பிடித்துவிடுவான், பொருள் பிய்ந்துவிடும்.

காரை வீசுவது இதைவிட எளிதாக இருப்பது பலருக்கு வியப்பாக இருக்கும். 1.4 டன் காரை 45 பாகையில் 30 மீட்டர் எறிய, கை ஒரு மீட்டர் நகர்வதாக வைத்தால், சுமார் 206 கிலோநியூட்டன் வேண்டும். மேல்நோக்கி எறிவதால் அந்த விசையில் பெரும்பங்கு அவனைத் தரையோடு அழுத்துகிறது, அதனால் உராய்வும் கூடுகிறது. தேவையான உராய்வுக் குணகம், அதாவது உராய்வு விசைக்கும் தரையை அழுத்தும் விசைக்கும் உள்ள விகிதம், 0.9. ரப்பர் அடிப்பகுதியும் காய்ந்த கான்கிரீட்டும் இருந்தால் அது கிடைக்கும். நேர் கிடையாக வீசினால் மட்டும் அவன் பின்னால் பறப்பான்.

ஆறாம் படி: குத்தும் உடைப்பும்

ஒரு குத்தில் 80 கிலோ அடியாள் 5 மீட்டர் பறந்து விழுகிறான். ஒரு மீட்டர் உயரத்திலிருந்து விழ 0.45 விநாடி. ஆகவே புறப்பட்ட வேகம் விநாடிக்கு 11 மீட்டர், உந்தம் 880 நியூட்டன் விநாடி. கை தொட்டுக்கொண்டிருக்கும் நேரம் நூறில் ஒன்று முதல் ஐம்பதில் ஒரு விநாடி வரை என்றால் சராசரி விசை 44 முதல் 88 கிலோநியூட்டன். ஹெவிவெயிட் வீரரைப்போலப் பத்து முதல் இருபது மடங்கு. அதே 880 குத்தியவன் பக்கமும் திரும்பி வருகிறது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். அவன் அசையாமல் நின்றால் யாரோ பின்னால் கயிறு கட்டியிருக்கிறார்கள். உண்மையில் கயிறு கட்டியிருப்பது அடியாளுக்குத்தான், அது வேறு விஷயம்.

பாறையை உடைப்பதில் இணையத்து ரசிகர் கணக்குகள் பெரிதும் தடுமாறுகின்றன. கன சென்டிமீட்டருக்கு 8 ஜூல் என்றால் உடைப்பு, 214 ஜூல் என்றால் பொடி என்று ஒரு வாய்ப்பாடு சுற்றுகிறது. பாறையின் அமுக்க வலிமை 200 மெகாபாஸ்கல் அளவில் இருக்கும். அந்த எண்ணை அப்படியே கன சென்டிமீட்டருக்கு ஜூல் என்று எடுத்தால் அலகு பொருந்தும், அர்த்தம் பொருந்தாது. உடையும் தருணத்தில் பாறைக்குள் சேர்ந்திருக்கும் மீள்திறன் ஆற்றல் கன சென்டிமீட்டருக்கு அரை ஜூல்கூட இல்லை, ஏனென்றால் பாறை உடைவதற்கு முன் மிகக் கொஞ்சமே சுருங்குகிறது.

அதற்குப் பதில் தொழிலில் இருந்து எண் எடுங்கள். குவாரியில் வெடிவைத்துத் தகர்க்க கன மீட்டருக்கு அரை கிலோ அளவில் வெடிமருந்து போகும், அதாவது கன சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 2 ஜூல். ஆலையில் கருங்கல்லை நுண்பொடியாக அரைக்க டன்னுக்குச் சுமார் 15 கிலோவாட் மணி, அதாவது கன சென்டிமீட்டருக்கு 146 ஜூல். ஆக, பொடி எண் தவறான வழியில் வந்தாலும் சரியான ஊருக்குப் பக்கத்தில்தான் இறங்கியிருக்கிறது. நம் 2 மீட்டர் பாறையைத் துண்டுகளாகத் தகர்க்க 8 மெகாஜூல், பொடியாக்க 600 மெகாஜூல். வெறுமனே இரண்டாகப் பிளக்க? கொள்கையளவில் சில நூறு ஜூல் போதும். கல் தச்சர்கள் வரிசையாகத் துளையிட்டு ஆப்பு இறக்கிப் பாறையைப் பிளப்பது இதனால்தான் முடிகிறது. எனவே காட்சியை நிறுத்தி, எத்தனை துண்டு, எவ்வளவு தூசு என்று பார்க்காமல் எண் போடாதீர்கள்.

ஏழாம் படி: எழுத்தில் மட்டும் இருக்கும் பலம்

படமே இல்லாத இடத்தில் என்ன செய்வது? கம்பர் மிதிலையில் வில்லைக் கொண்டுவர அறுபதினாயிரம் பேரை வைக்கிறார். ஆளுக்கு 30 கிலோ என்றால் வில் 1,800 டன். இங்கேயே நின்று ஒரு சோதனை செய்யலாம்: சதுர மீட்டருக்கு இரண்டு பேர் நெருங்கி நின்றாலும் அறுபதினாயிரம் பேருக்கு 30,000 சதுர மீட்டர் வேண்டும், நான்கு கால்பந்து மைதானம். வில்லும் அந்த நீளத்துக்கு இருந்தாக வேண்டும், அதை ஒருவர் கையில் எடுக்கிறார் என்றால் கவிஞர் எண்ணைச் சொன்னது எண்ணுவதற்காக அல்ல. ஆனால் நேரத்துக்கு அவர் தரும் குறிப்பு அபாரமானது. இமைக்காமல் பார்த்திருந்தவர்கள் "எடுத்தது கண்டனர் இற்றது கேட்டார்" என்கிறார். பார்வைக்கு எட்டாத வேகம் என்றால் விநாடியில் ஐந்தில் ஒரு பங்கு என்று தாராளமாகவே வைக்கலாம். அந்த நேரத்தில் ஒரு மீட்டர் உயர்த்த முடுக்கம் ஈர்ப்பைப்போல ஐந்து மடங்கு, அதோடு எடையும் சேர்ந்து விசை எடையைப்போல ஆறு மடங்கு ஆகிறது. நிறை தெரியாவிட்டாலும் இந்த ஆறு மடங்கு நிற்கும். 1,800 டன் வேண்டாம், 100 கிலோ வில் என்று இறக்கினாலும் நிற்கும். எழுத்தில் இருக்கும் பலத்துக்கு இதுவே என் வழி: மிகையாகத் தெரியும் எண்ணை ஓரமாக வைத்துவிட்டு, மிகையில் சிக்காத விகிதத்தைத் தேடுவது.

எட்டாம் படி: முடிவை எழுதுவது

ஒற்றை எண்ணாக எழுதாதீர்கள். நிறை 80 முதல் 100 கிலோ, கால் நீட்டம் 40 முதல் 60 சென்டிமீட்டர் என்று விட்டுப் பார்த்தால் நம் தாவலின் விசை 130 முதல் 250 கிலோநியூட்டன் வரை போகிறது. தசம புள்ளிக்குப் பின் மூன்று இலக்கம் போட்டவரைக் கண்டால் அவர் எந்த அளவையும் சோதிக்கவில்லை என்று பொருள். இரண்டு காட்சிகள் நூறு மடங்கு முரண்பட்டால் சராசரி எடுக்க வேண்டாம். இரண்டையும் தனித்தனியாக, எந்த இதழ், யார் எழுதியது என்ற குறிப்போடு வையுங்கள். பத்தாண்டுகளில் பல கைகள் எழுதிய நாயகனுக்கு ஒரே உடம்பு இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை.

1938ன் ஆளுக்கு என் குறிப்பேட்டில் இருப்பது இவ்வளவுதான். கை விசை: குறைந்தது 14 கிலோநியூட்டன், கார் காட்சி. கால் விசை: 130 முதல் 250 கிலோநியூட்டன், தாவல். ஆற்றல்: ஒரு தாவலுக்கு 80 முதல் 100 கிலோஜூல். திறன்: 3 முதல் 5 மெகாவாட், ஐம்பதில் ஒரு விநாடிக்கு. எலும்பு: மனித எலும்பைவிடப் பல மடங்கு உறுதி. தரை: கான்கிரீட் என்று கொண்டது. காற்றுத் தடை: சேர்க்கவில்லை, சேர்த்தால் எல்லாம் சற்று ஏறும்.